வைகறையில் திருவெறும்பூர்ச் சாலை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் ஆகியவற்றைக் கடந்து சென்றால், சாலையை ஒட்டிச் சிறு குன்றொன்று தென்படும். 60 அடி உயரமே இருக்கும். அதன் உச்சியில் சோழர் காலக் கற்றளி ஒன்று நிற்கிறது. எறும்பீசர் ஆலயம் என்பர்; திருநாவுக்கரசர் பாடிய தலம். தேவர்கள் எறும்பு வடிவெடுத்து, ஒருவர்பின் ஒருவராக ஊர்ந்து சென்று வழிபட்டனர் என்றும், அதனாலேயே ஊருக்குத் திருவெறும்பூர் என்னும் பெயர் வாய்த்தது என்றும் அப்பகுதிப் பெரியோர் சொல்லுவர். சோம்பேறியை எறும்பிடம் சென்று பாடம் கற்றுவரச் சொல்லும் நீதிமொழிகள் நூல் நம் விவிலியத்திலும் உண்டாதலின், இப்பெயர் நமக்கு அயலானதாகத் தோன்றுவதில்லை.

பகலில் இவ்வூரைக் கண்டவர்கள் ஊரைக் கண்டவர்களாகமாட்டார்கள். பேருந்துகளின் இரைச்சல், கடைத்தெருவின் நெரிசல், பாரதமிகு மின் நிறுவனத்தின் வாயிலில் வந்து குவியும் வண்டிகள், இவைதாம் பகலில் கண்ணிற்படும். அதிகாலை 4 மணிக்கு வந்து பார்க்கவேண்டும். குன்று கறுத்துக் கிடக்கும். உய்யக்கொண்டான் வாய்க்காலின் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். நெடுஞ்சாலையில் மட்டும் சரக்கு வண்டிகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் விளக்கொளி வந்து மறைந்ததும், அதற்கு முன்பிருந்ததைவிட அடர்த்தியான இருள் வந்து சூழும். அந்த இருளுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். நடப்பவர்கள், ஓடுபவர்கள், பால் கொண்டு செல்பவர்கள், முதற்பூசைக்கு வருபவர்கள். அவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் சிறுவயதில் இருளில் செல்வதற்கு ஒரு முறைமை இருந்தது. மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கொன்று தொங்கும். அவ்விளக்கினால் வண்டிக்காரருக்கு வழி தெரிந்துவிடாது. மாடுகளுக்குத்தாம் வழி தெரியுமே! வண்டிக்காரரோ பாதி வழியில் உறங்கிப் போவார். அவ்விளக்கு பார்ப்பதற்கு ஏற்பட்டதன்று. பிறர் பார்ப்பதற்கு ஏற்பட்டது. சைக்கிளும் அவ்வாறே. விளக்கில்லாமல் சென்றால் தெருமுனையில் காவலர் நிறுத்துவார், சக்கரத்திலிருந்து காற்றைப் பிடுங்கிவிடுவார், அபராதமும் உண்டு. அதற்கு அஞ்சியே எந்தையார் தம் சைக்கிளின் டைனமோவைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். டைனமோ உருளையைச் சக்கரத்தின்மேல் சாய்த்துவிட்டால் மிதிப்பது கனக்கும். ஆனால் விளக்கு எரியும். 1960-களில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் துணையோடு இங்கே கொதிகலன் ஆலை எழுந்தபின், சங்கு ஊதும் வேளையில் இச்சாலை நெடுகச் சைக்கிள் விளக்குகள் வரிசையாக அசைந்து செல்லுமென்று ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் நம்மிடம் கூறியிருக்கின்றனர்.

இன்று சாலை நான்கு வழியாக விரிந்துவிட்டது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் இருசக்கர வண்டிகள் யாவும், பொறி இயங்கும் வரையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாறு அமைக்கப்படுகின்றன. வண்டிகளுக்கெல்லாம் ஒளி கூடிவிட்டது. கால்நடையாகச் செல்பவன்தான் இருட்டாகவே இருக்கிறான். பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டுமென்று இப்பகுதி மக்கள் எத்தனையோ ஆண்டுகளாகக் குரலெழுப்பி வந்துள்ளனர். அது வேறு கதை. எழுதப் புகுந்தால் பக்கங்கள் போதா.

இங்கு அதிகாலையில் ஓடுகிறவர்கள் யார் என்று அயலூர் வாசகர் வினவலாம். உடல் இளைக்க ஓடுவோர் சிலர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஆலைக் குடியிருப்பின் மைதானத்திலும், மரங்கள் சூழ்ந்த உட்சாலைகளிலும் ஓடுவார்கள். விளக்கும் உண்டு, வண்டிகளும் குறைவு. நாம் சொல்லவருவது வேறு பிள்ளைகளைப் பற்றி. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தாக வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திற்குள் முடிக்கவேண்டும். படைக்கு ஆள் எடுக்கும்போதும் 1600 மீட்டர் ஓட்டம் உண்டு. இத்தேர்வுகளை எண்ணியே நம் பங்குகளில் எத்தனையோ இளைஞர்கள் இருளோடு எழுகிறார்கள். பகலில் அவர்களுக்கு நேரமில்லை. துவாக்குடித் தொழிற்பேட்டையிலும், ஆலையை நம்பிய சிறு பட்டறைகளிலும் காலை 8 மணிக்கே நெருப்புப் பொறிகளுக்கு நடுவே அமர்ந்துவிடுகிறவர்கள் அவர்கள். மைதானத்திற்குச் செல்ல வசதியில்லாதவர்கள் சாலையிலேயே ஓடுகின்றனர். நம் பங்கிலேயே ஒரு பெண்பிள்ளை ஓடுகிறாள். பின்னால் அவள் தாயார் டி.வி.எஸ். ஐம்பதில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல வருகிறார். மகளுக்கு வழித்துணையும் ஆயிற்று, வெளிச்சமும் ஆயிற்று. அந்த அம்மையாரின் அறிவுக்கூர்மை எல்லோருக்கும் வாய்க்குமா?

சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நிகழ்ந்ததை இப்போது கூறிவிடுகிறோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பலநாள் தயங்கியதுண்டு.

கிளைப்பங்கு ஒன்றில் 5.30 மணிக்குத் திருப்பலி. கல்லணைச் சாலை வழியாக ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்தோம். இருபுறமும் வயலும் வாழையும். தெருவிளக்கு இல்லாத இடம். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் இராது. மறையுரையில் சொல்லவேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே சென்றோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரே பேருந்தொன்று முழு ஒளியை வீசிக்கொண்டு வந்தது. கண் கூசியது, வேகத்தைக் குறைத்தோம். பேருந்து கடந்தது. அதன்பின் ஓரிரு விநாடிகள் முன்னால் எதுவுமே தெரியவில்லை. ஐம்பது வயதைக் கடந்த கண் கூச்சத்திலிருந்து மீள்வதற்கு இளங்கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதை மருத்துவர் பிற்பாடுதான் நமக்கு எடுத்துரைத்தார். கண் தெளிந்தபோது, கை எட்டும் தொலைவில் ஒரு முதுகு! கைப்பிடியை எப்படித் திருப்பினோம் என்று இன்றுவரை தெரியாது. வண்டியின் பக்கக் கண்ணாடி அந்தப் பையனின் முழங்கையில் உரசி உடைந்தது. வண்டி வரப்போரம் சென்று சாய்ந்தது.

அவன் கறுப்புக் காற்சட்டையும் கருநீலப் பனியனும் அணிந்திருந்தான். காதுகளில் பாட்டுக் கேட்கும் கருவி. ஓடிவந்து நம்மைத்தான் முதலில் தூக்கிவிட்டான்.

“சாமி, அடிபட்டுச்சா?”

நாம் அவன் முழங்கையைப் பிடித்துப் பார்த்தோம். சிராய்ப்புத்தான். நம் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. நம் பங்குப் பிள்ளையே அவன். உறுதிபூசுதலுக்கு நாமே ஆயத்தம் செய்தவன்.

“ஏன் தம்பி, வண்டி வருவது தெரியவில்லையா?”

“நல்லாத் தெரிஞ்சுது சாமி. உங்க வண்டி வெளிச்சம் எனக்கு முன்னாடி ரோட்டுல விழுந்துச்சு. அவ்வளவு வெளிச்சத்துல என்னைப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அன்று திருப்பலிக்கு 20 நிமிடம் தாமதமாகச் சென்றோம். அடுக்கி வைத்திருந்த மறையுரை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாசகத்தை மட்டும் வாசித்துவிட்டு அமர்ந்துகொண்டோம். அந்தப் பையன் சொன்ன சொல்தான் காதில் நின்றது. வண்டி அவனுக்குத் தெரிந்தது. ஆதலால் அவன் வண்டிக்குத் தெரிவான் என்று எண்ணிவிட்டான். இருளில் நடக்கிற நாம் எல்லோருமே இப்படித்தான் எண்ணுகிறோம். அரை மைலுக்கு அப்பால் வரும் விளக்கை நம் கண் காண்கிறது. அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பவனின் கண்ணுக்கு நாம் எப்போது தெரியவருவோம் என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

கணக்கிட்டால் அச்சமாகத்தான் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, தடையை மிதிப்பதற்கே ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். மிதித்தபின் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டர் தொலைவிலாவது அவர் நம்மைக் கண்டிருக்கவேண்டும். தாழ்த்திய விளக்கில் கறுத்த ஆடை அணிந்தவன் தெரிவதோ 25, 30 மீட்டர் தொலைவில்தான். 80 கிலோமீட்டர் வேகமென்றால் நிற்பதற்கு 70 மீட்டர் வேண்டும். நெடுஞ்சாலையில் 80 என்பது இப்போது வேகமாகவே கருதப்படுவதில்லை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர்கள் மட்டும் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

நிறத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பொகீமிய நாட்டில் 1787-இல் பிறந்தவர் பூர்கின்யே என்னும் அறிஞர். இளமையில் பியாரிஸ்டு துறவற சபையில் சேர்ந்து, பின்னர் குருப்பட்டம் பெறாமலே வெளியேறி மருத்துவம் கற்றவர். (நம் குருமடங்களிலிருந்து வெளியேறும் பிள்ளைகளை எண்ணி வருந்தும் பெற்றோர் இவரை நினைவிற் கொள்க.) பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும் செம்மலர், விடியற்காலை மங்கலில் கருகித் தெரிவதையும், அதே வேளையில் அதன் இலைகள் அவ்வளவு கருகாதிருப்பதையும் கண்டு அவர் வியந்தார். ஒளி குன்றும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு நிறமே முதலில் அவிந்துபோகிறது என்பதை உலகுக்கு எடுத்துரைத்தார். அவர் பிறந்த மண்ணும் பிற்காலச் செக்கோஸ்லோவாக்கியாவில்தான் அடங்கியிருந்தது. திருவெறும்பூரில் கொதிகலன் கட்டித் தந்த நாட்டாரின் முன்னோர் ஒருவர், திருவெறும்பூர்ச் சாலையில் காவியுடுத்தி நடப்போருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை தந்துவிட்டார் போலும்!

காவி என்றோம். வேளாங்கண்ணித் திருப்பயணிகளைத்தான் சொல்லுகிறோம். ஆகஸ்டு 29-இல் அன்னையின் திருத்தலத்தில் கொடி ஏறும். செப்டம்பர் 8-இல் திருவிழா. அதற்கு முந்திய நாள்களில் மணப்பாறை, திண்டுக்கல், கரூர் என மேற்கிலுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருவெறும்பூரைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்வார்கள். முன்னால் அன்னையின் சுரூபம் வைத்த சிறு சப்பரம். பின்னால் காவியுடை அணிந்த ஆண்களும் பெண்களும். தோளில் ஒரு துணிப்பை. இங்கிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வெயிலுக்கு அஞ்சிப் பகலில் மண்டபங்களிலும் மரத்தடியிலும் படுத்திருந்து, மாலையிலும் வைகறைக்கு முன்னும் நடப்பர். அதாவது, சாலையில் அவர்கள் இருக்கும் நேரம் பெரும்பாலும் இருட்டு. நேர்த்திக்கடனுக்காக அணியும் ஆடையோ இருட்டில் முதலில் மறையும் நிறம்.

2024 ஜூலை 17 அதிகாலையில், இதே தஞ்சை - திருச்சி சாலையில், வளம்பக்குடி அருகே, சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து சென்ற பக்தர்கள்மீது சரக்கு வண்டி மோதி ஐவர் மாண்டனர். செய்தி வந்த அன்று மாலை நம் பங்கில் செபமாலைக்குப் பின் அவர்களுக்காக வேண்டினோம். அவர்கள் வேறு கோயிலுக்குச் சென்றவர்கள்; ஆனால் சாலை ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். நம் கூட்டம் புறப்பட ஆறு வாரங்களே இருந்தன.

கல்லணைச் சாலையில் நம் வண்டியில் உரசிய பையனைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவன் வேலை செய்யும் பட்டறைக்கு லாரிகள் வந்து போகும். லாரிகளின் பின்புறம் ஒட்டுகிறார்களே, விளக்குப் பட்டதும் பளீரென மின்னும் பட்டை, அதில் ஒரு சுருள் வாங்கிவரச் சொன்னோம். இரவு 8 மணிக்குக் கோயில் முற்றத்து விளக்குகளை அணைத்துவிட்டு, நூறு தப்படிக்கு அப்பால் அவனை நிறுத்தினோம். கணுக்காலில் ஒரு துண்டுப் பட்டை. பங்குப்பேரவையினர் நால்வர் வேடிக்கை பார்க்க வந்திருந்தனர். கை விளக்கை இடுப்பருகே பிடித்து அடித்தபோது சற்றே மின்னியது. “இதுக்குத்தானா சாமி?” என்றார் ஒருவர். அதே விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னோம். அவர் பேசவில்லை, விளக்கை அடுத்தவரிடம் கொடுத்தார். இருட்டுக்குள் ஒரு நெருப்புத்துண்டு நிற்பதுபோல் தெரிந்தது.

இப்பட்டையின் தன்மை அது. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, அவற்றையொத்த நுண்ணிய பட்டகங்களோ பதிந்திருக்கும். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திக்கிலும் சிதறடித்துவிடும். இது மட்டும் ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் கண் விளக்குக்கு அருகே இருப்பதால் அவருக்கு 150 மீட்டருக்கு அப்பாலேயே தெரியும். பக்கத்தில் நடப்பவனுக்குத் தெரியாது, கட்டியிருப்பவனுக்கும் தெரியாது. ‘ஒன்றும் மின்னவில்லையே’ என்று பலர் இதை அவிழ்த்து எறிந்துவிடுவது அதனால்தான். நம் இல்லங்களில் வாங்குவோர் கை விளக்கைக் கண்ணருகே பிடித்துச் சோதித்து வாங்குவது நலம். வெறும் பளபளப்புத் தாளை இதுவென்று சொல்லி விற்பவர்களும் உளர்.

எங்கே கட்டுவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னார் யோகான்சோன் என்பவர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவரது தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் சிறுசிறு ஒளிப்புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். ஆள் அசையாது நிற்கையில் பார்ப்பவர்களுக்கு அவை பொருளற்ற புள்ளிகளாகவே தோன்றின. நடக்கத் தொடங்கிய கணமே, மனிதர் நடக்கிறார் என்று எல்லோரும் கண்டுகொண்டனர். முகமில்லை, உடலில்லை, அசைவு மட்டுமே. நம் கண் மனித அசைவை அவ்வளவு விரைவில் அடையாளங் கண்டுகொள்ளுமாறு படைக்கப்பட்டிருக்கிறது. முதுகில் ஒட்டிய பட்டை தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு ஏதோ மின்னுகிறது என்று மட்டுமே சொல்லும், மைல்கல்லாகவும் இருக்கலாம். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டியதோ, இது மனிதன் என்று சொல்லும். தாழ்த்திய விளக்கின் ஒளியும் காலடியில்தான் முதலில் விழுகிறது. பின்லாந்து நாட்டில் குளிர்காலத்தில் பகற்பொழுதே மிகக் குறைவு. அங்கு இருளில் சாலையில் நடப்பவர் ஒளி திருப்பும் தகடு அணியவேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் சட்டமில்லை. காவல் துறையினர் பாதயாத்திரைக் காலங்களில் இத்தகைய பட்டைகளை வழங்கும் நல்ல வழக்கம் பல இடங்களில் வந்திருக்கிறது.

திருப்பயணிகளின் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தபோது எளிதில் முடிந்துவிடவில்லை. முப்பது முறைக்கு மேல் நடந்தே வேளாங்கண்ணி சென்றுவந்த முதிய பெண்மணி ஒருவர் எழுந்தார். அவர் சொல்லுக்கு அக்கூட்டத்தில் நம் சொல்லைவிட மதிப்பு அதிகம்.

“சாமி, மாதா கூட்டிட்டுப் போறா, மாதா கூட்டிட்டு வர்றா. இத்தனை வருசமா ஒரு முள்ளு குத்துனதில்ல. நேர்ந்துகிட்ட உடுப்புல இதையெல்லாம் ஒட்டலாமா?”

என்ன விடை சொல்வதென்று விளங்கவில்லை. அன்னையின் பாதுகாப்பை நாம் ஐயுறுகிறோமோ என்று அவர் எண்ணிவிட்டார். மறையியலில் இதற்கு விடையுண்டு. ஆனால் குருமடத்தில் கற்ற விடைகள் அம்மாதிரி வேளைகளில் நாவுக்கு வருவதில்லை. “பாட்டி, உடுப்பில் ஒட்ட வேண்டாம். காலில் கட்டிக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னோம். அவர் யோசித்தார். “சப்பரத்துக்கு?” என்றார். சப்பரத்தின் நான்கு கால்களிலும், பின்பக்கத்திலும் கட்டுவதாகச் சொன்னோம். “மாதாவுக்கே கட்டுறப்ப எனக்கென்ன” என்று அமர்ந்துவிட்டார். வாக்கெடுப்பு அத்துடன் முடிந்தது.

எந்தப் பக்கம் நடப்பது என்பதிலும் வழக்கு நீண்டது. இடப்பக்கமாகச் செல்வதே ஒழுங்கு என்று பள்ளியில் கற்றதை விட மனமில்லை. அது வண்டிகளுக்கு உரிய ஒழுங்கு. நடைபாதை இல்லாத சாலையில் கால்நடையாகச் செல்பவன் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி செல்லவேண்டும். முதுகுக்குப் பின்னால் வருவதை அவனால் தவிர்க்க முடியாது. முகத்துக்கு நேரே வருவதைக் கண்டு மண்தரையில் இறங்கிவிடலாம். ஓடுபவனுக்கும் இதே விதி. ஆனால் இதை முற்றமுடிந்த விதியாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. நம் சாலைகளில் ஓரமாகவே எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். வலப்பக்கம் நடப்பவனுக்கு அவர்கள் முதுகுப்புறம் வருவார்கள். ஆகவே வரிசையின் கடைசியில் வருபவர் கையில் பின்னோக்கிக் காட்டும் சிவப்பு விளக்கு இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. இருவர் சேர்ந்து நடக்கலாகாது, எறும்பு வரிசைதான். பாட்டு வேண்டும், செபமாலை வேண்டும். காதை அடைக்கும் கருவி வேண்டாம். இளைஞர்கள் சற்று முணுமுணுத்தனர்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒருநாள், விடிவதற்கு வெகு முன்னரே, 3.30 மணிக்குப் புறப்பட்டார்கள். 64 பேர். கோயில் வாசலில் குனிந்து ஒவ்வொருவர் கணுக்காலிலும் பட்டையைக் கட்டிவிட்டோம். பெரிய வியாழனன்று பாதங்களைக் கழுவும்போது 12 பேர்தான். அன்று 64 பேர். முதுகு பிடித்துக்கொண்டது. எத்தனை விதமான பாதங்கள்! பித்தவெடிப்பு விழுந்தவை, பட்டறையில் தீப்பொறி பட்டுத் தழும்பேறியவை, மருதாணி இட்டவை. பாட்டியின் கணுக்கால் நம் மணிக்கட்டு அளவே இருந்தது. பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றவேண்டியிருந்தது.

துவாக்குடி வரை அவர்களோடு நடந்துசென்றோம். ஆலை வாயிலைத் தாண்டியதும் வெளிச்சம் குறைந்தது. நடுவிலே ஒரு முறை நாம் ஒதுங்கிப் பின்தங்கி நின்றோம். எதிரே ஒரு லாரி முழு ஒளியோடு வந்தது. வந்த ஒளி அவர்களுக்கு அப்பால் நின்ற நம்மையும் கூசவைத்தது. பட்டைகள் ஓட்டுநருக்குத்தான் மின்னும். நமக்கோ கறுத்த உருவங்கள் மட்டுமே தெரிந்தன. உண்மையிலேயே அவர் காண்கிறாரா என்ற ஐயம் ஒரு கணம் நெஞ்சைப் பிடித்தது. நன்றாகத் தொலைவிலேயே அவர் விளக்கைத் தாழ்த்தினார். வேகம் குறைந்தது. வண்டியைச் சாலையின் நடுப்பக்கமாக ஒதுக்கி, மெல்லக் கடந்தார். கடக்கும்போது தலையை வெளியே நீட்டி, “மாதாகிட்ட நமக்கும் சேத்து வேண்டிக்கங்க” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனார். அவர் எந்தச் சமயத்தவரோ!

துவாக்குடியில் அவர்களுக்கு ஆசீர் அளித்து அனுப்பிவிட்டுத் திரும்பினோம். பேருந்துக்கு நேரமிருந்தது, நடக்கலாம் என்று தோன்றியது. குளிருக்காக வெள்ளை அங்கியின்மேல் கருநிறச் சால்வையைப் போர்த்தியிருந்தோம். அரை மைல் வந்திருப்போம். எதிரே, தரையோரமாக இரண்டு ஒளிப்புள்ளிகள் மாறி மாறி எழுந்தும் தாழ்ந்தும் வந்தன. நமக்குப் பின்னாலிருந்து வந்த வண்டியின் ஒளியில்தான் அவை தெரிந்தன போலும். வண்டி கடந்துபோனதும் மறைந்துவிட்டன. சற்றைக்கெல்லாம் மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவன் நம்மேல் மோதிக்கொள்ள இருந்து, “ஐயோ” என்று விலகி நின்றான். அவனேதான். சட்டைக்கு மேலே வெள்ளைப் பனியன், கணுக்காலில் பட்டை.

“சாமி! நீங்களா? பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியவே இல்லையே!”

கொண்டுவந்த சுருள் 64 பேருக்கே சரியாகப் போய்விட்டது என்று சொன்னோம். அவன் பதில் பேசவில்லை. குனிந்து தன் இடக்காலிலிருந்த பட்டையை அவிழ்த்தான். அங்கியின் விளிம்பைச் சற்றே தூக்கச் சொல்லி, நம் கணுக்காலில் கட்டினான். வியர்வையில் நனைந்திருந்தது. பிறகு ஓடவில்லை, ஊர் வரும்வரை நமக்கு முன்னால் நடந்தே வந்தான். 1500 மீட்டருக்கு இப்போது எவ்வளவு ஆகிறது என்று கேட்டோம். 6 நிமிடம் 20 விநாடி என்றான்.